வாசற்படியில் ஒரு விருந்தினர்

எங்கள் அன்பியத்தில் 24 குடும்பங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், மாலை 7 மணிக்கு, ஏதேனும் ஒரு வீட்டில் கூடுகிறோம். கூடத்தில் பாய் விரித்து, நடுவே சிறு மேசையொன்றில் திருவிவிலியத்தை வைத்து மெழுகுதிரி ஏற்றி, இறைவார்த்தைப் பகிர்வின் ஏழு படிகளையும் ஒவ்வொன்றாய்க் கடக்கிறோம். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவாகி, ஆசியத் திருச்சபைகள் பலவற்றிலும் பரவிய முறை இது. அதன் முதற்படி, ஆண்டவரை நம் நடுவே வரவேற்பது. எங்களுள் ஒருவர் தம் சொந்தச் சொற்களில் அவரை அழைப்பார். மற்றவர்கள் கண்மூடி அமர்ந்திருப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதத்து மழை இரவொன்றில், அந்த வரவேற்புச் செபம் முடிந்து நாங்கள் கண்விழித்தபோது, வாசலில் கழற்றிவிடப்பட்டிருந்த செருப்புகளுக்கு நடுவே ஒரு பெரியவர் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாய் நின்றாரோ, எங்களுள் எவரும் அறியோம். ஆண்டவரை உள்ளே வரச்சொல்லி அழைத்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் வெளியே நனைந்துகொண்டிருந்தார் என்பது பிற்பாடுதான் எங்கள் நெஞ்சில் உறைத்தது.

அவர் எங்கள் தெருவுக்குப் புதியவரல்லர். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர், இந்து சமயத்தவர். "பாட்டுச் சத்தம் கேட்டது. உட்கார்ந்து கேட்கலாமா?" என்றார். நாங்கள் மகிழ்ந்தோம், மகிழ்ந்தோம் என்பதைவிடப் பரபரத்தோம் என்பதே பொருந்தும். ஒருவர் ஓடிச்சென்று பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். எல்லாரும் தரையில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் நாற்காலியில் அமர்ந்தார். மரியாதை என்று நினைத்து நாங்கள் செய்தது அது. ஆனால் அந்த நாற்காலி, அவர் எங்களுள் ஒருவர் அல்லர் என்பதை அந்தக் கூடத்துக்கே அறிவித்துவிட்டது.

அன்றைய பகிர்வு வழக்கம்போல் அமையவில்லை. வழக்கமாய் எங்கள் குறைகளையும் கலக்கங்களையும் பேசுகின்ற நாங்கள், அன்று சாட்சிகளாய் மாறிவிட்டோம். ஒருவர் தமக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னார். மற்றொருவர், தம் உறவுப்பெண் ஒருத்திக்கு வந்த புற்றுநோய் செபத்தினால் நீங்கிய வரலாற்றை உருக்கத்தோடு விவரித்தார். பெரியவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் உள்ளம் தொடப்படுகிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கலைந்து செல்லும்போது ஒருவர் அவர் கையில் செபமாலையும் சிறு புத்தகமும் கொடுத்தார். இன்னொருவர், ஞாயிறு திருப்பலிக்கு அழைத்ததோடு நில்லாமல், பங்குத் தந்தையிடம் தாம் பேசுவதாகவும் வாக்களித்தார்.

அதன்பின் இருமுறை வந்தார். நான்காம் முறை வரவில்லை. ஐந்தாம் முறையும் வரவில்லை. "விதை பாறையில் விழுந்தது" என்றார் எங்களுள் ஒருவர். நாங்களும் தலையசைத்தோம். நிலத்தைக் குறைசொல்வது எளிது. விதைத்தவனின் கையை எவரும் பார்ப்பதில்லை.

எங்கள் கூட்டத்தில் மூத்த அம்மா ஒருவர் உண்டு. பேருந்து நிறுத்தத்தருகே இட்லிக் கடை வைத்திருப்பவர். எழுதப் படிக்க அறியாதவர். கூட்டங்களில் கதவோரமாய் அமர்பவர். யாரும் அனுப்பாமலே அவர் ஒருநாள் பெரியவரின் வீட்டுக்குச் சென்றார். கையில் புத்தகமோ படமோ எடுத்துச் செல்லவில்லை. "ஐயா, ரெண்டு வாரமா காணோமே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று மட்டும் கேட்டார். பெரியவர் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, தாமே அடுப்பு மூட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துபோனாராம். அந்த அம்மாவும் சொல்லாமல் குடித்துவிட்டாராம். அந்தக் காப்பிக்குப் பிறகுதான் பெரியவர் வாய் திறந்தார்.

அவர் மனைவி இறந்து அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. புற்றுநோய். அந்த வீட்டில் விரதங்களும் வேண்டுதல்களும் குறைவின்றி நடந்திருக்கின்றன. வேளாங்கண்ணிக்கும் சென்று மெழுகுதிரி ஏற்றி வந்திருக்கிறார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மழை இரவில் எங்கள் பாட்டுக் கேட்டபோது, இறந்தவள் எங்கே இருக்கிறாள் என்று இவர்களுக்காவது தெரியுமா என்று கேட்கத்தான் அவர் வாசற்படி ஏறினார். நாங்களோ அவருக்குப் புற்றுநோய் நீங்கிய கதையைச் சொன்னோம். அவர் சமயம் எதுவென்று விசாரித்த நாங்கள், அவர் துயரம் எதுவென்று விசாரிக்கவில்லை.

"நான் ஒன்றைத் தேடி வந்தேன் அம்மா. உங்க ஆளுங்க என்னைத் தேட ஆரம்பிச்சிட்டாங்க" என்று அவர் சொன்னதாக அந்த அம்மா அடுத்த கூட்டத்தில் எடுத்துரைத்தார். குற்றம்சாட்டும் குரலில் அன்று. காய்ச்சல்காரரைப் பார்த்துவிட்டு வந்து நலம் சொல்வது போலச் சொன்னார். நாங்கள் நெடுநேரம் பேசவில்லை. ஏழு படிகளில் மௌனத்திற்கென்றே ஒரு படி உண்டு. அன்றுதான் அதை உண்மையாய் அனுசரித்தோம்.

அன்று தொடங்கி நாங்கள் நற்செய்தியை வேறு கண்கொண்டு படிக்கலானோம். இயேசு பெருமானுக்குத் தமக்கென்று ஒரு வீடு இருந்து, அதில் அவர் பிறரை வரவேற்று விருந்து வைத்ததாகப் படிப்பது அரிது. அவர் பெரும்பாலும் விருந்தாளியாகவே இருக்கிறார். சக்கேயுவின் வீட்டில் தங்குவதாய்த் தாமே சொல்லிக்கொள்கிறார். பெத்தானியாவில் மார்த்தா சமைத்ததை உண்கிறார். எம்மாவுக்குச் செல்லும் வழியில் முதலில் அவர் செய்தது, சீடர்கள் எதைப்பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டதே. அவர்கள் துயரத்தை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, அதன்பிறகே மறைநூலை விளக்குகிறார். அவர்கள் வற்புறுத்தி அழைத்த பின்னரே வீட்டினுள் செல்கிறார். அப்பம் பிட்கும் வேளையில் விருந்தாளி விருந்தளிப்பவராகிறார். விருந்தோம்பல் என்பது கதவைத் திறந்து வைப்பதோடு முடிந்துவிடும் செயலன்று. பிறர் வீட்டுக் கதவைத் தட்டி, அவர் தருவதைக் குறைகாணாமல் பெற்றுக்கொள்ளும் பணிவும் அதனுள் அடங்கும். சர்க்கரை இல்லாத காப்பியைக் குடித்த அந்த அம்மா இதை எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார்.

பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க நாங்கள் மூவர் சென்றோம். "அதெல்லாம் எதற்கு?" என்று சிரித்தார். அடுத்த சனிக்கிழமை வந்தார். அன்று நாற்காலி போடவில்லை. முழங்கால் வலியுள்ள எங்கள் பெரியவர்கள் இருவர் அமரும் பெஞ்சில் அவருக்கும் இடம் ஒதுக்கினோம். வந்தவுடன் குடிக்கத் தண்ணீர், கேள்விகள் இல்லை, அவரை நோக்கிய சாட்சியங்கள் இல்லை, எங்கள் குறைகளை மறைக்காத பழைய பகிர்வு, முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரு வாய் காப்பியும் சுண்டலும். இவையே எங்கள் புதிய ஒழுங்கு.

எங்களுள் சிலருக்கு இது உறுத்தியது. எல்லா மக்களினத்தாரையும் சீடராக்கச் சொன்ன ஆண்டவரின் கட்டளை என்னாவது என்று வினவினர். நேர்மையான வினாதான். மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். வயதுவந்தோரைத் திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்யும் பழைய ஒழுங்கை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டுத் தந்தது. அதன்படி 1972-இல் வெளியான சடங்குமுறை, தேடி வருவோருக்கென ஒரு முதற்காலத்தை வகுத்திருக்கிறது. அந்தக் காலத்துக்கு இத்தனை நாள் என்ற கணக்கில்லை. வருபவர் கேட்கவும் பழகவும் தம் உள்ளத்தைத் தாமே அறியவும் உரிய காலம் அது. அக்காலத்தில் அவரோடு இருக்கும் கடமை குருவுக்கு மட்டுமன்று, விசுவாசிகளின் குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும் உண்டு. பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-இலேயே சங்கம் அறிக்கையிட்டது. ஆள்சேர்ப்பதனால் அல்ல, ஈர்ப்பினாலேயே திருச்சபை வளர்கிறது என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் தம் திருத்தூது ஊக்கவுரையில் நினைவூட்டினார். கட்டளையை நாங்கள் மறக்கவில்லை. அழைப்பவர் ஆண்டவர், நாங்கள் அவர் வீட்டு வேலையாட்கள் என்பதை நினைவுகூர்ந்தோம்.

இத்துடன் இக்கட்டுரையை முடித்துக்கொள்ள முடிந்திருந்தால் எங்களுக்கு நிம்மதியாயிருக்கும். ஆனால் விருந்தாளியை உள்ளே அழைப்பவன், தன் வீட்டை அவர் பார்த்துவிடுவார் என்பதையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

ஓராண்டு கழிந்திருக்கும். ஒரு நாள் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது பெரியவர் இயல்பாய்க் கேட்டார். "கூட்டம் எல்லா வீட்டுக்கும் முறைவைத்துச் சுற்றிவரும் என்று சொன்னீர்கள். வாய்க்காலுக்கு அந்தப்புறம் உள்ள நாலு வீட்டுக்கு ஏன் வரவில்லை? போன வாரம் இட்லிக் கடை அம்மா வீட்டில்தான் சாப்பிட்டேன். கூடம் பெரிதாகத்தானே இருக்கிறது?"

அந்த நான்கு வீடுகளும் தலித் மக்களின் வீடுகள். எங்கள் பதிவேட்டில் அவை 21 முதல் 24 வரையான எண்கள். முறை 20-ஆம் வீட்டை அடைந்ததும், எவரும் தீர்மானம் போடாமலே, மீண்டும் 1-ஆம் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஆண்டுக்கணக்காய் அவ்வாறே நடந்துவந்தது. காரணங்கள் எங்களிடம் ஆயத்தமாய் இருந்தன. வழி சேறாயிருக்கும், விளக்கு வெளிச்சம் போதாது, அவர்களே சங்கடப்படுவார்கள். அன்று ஒருவர் அவற்றைச் சொல்லவும் தொடங்கினார். பெரியவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "எங்கள் பக்கம் இதெல்லாம் புதிதில்லை. உங்களிடம் இருக்காது என்று நினைத்தேன்" என்றார். கதவோரத்தில் இருந்த இட்லிக் கடை அம்மா தம் தம்ளரைக் கழுவி வைக்க எழுந்துபோனார். அந்த அம்மா ஏன் எப்போதும் கதவோரமாய் அமர்கிறார் என்று எங்களுள் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

சாதி எங்கள் ஊரில் மட்டும் இருப்பதன்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, இப்பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அதை நாங்கள் செய்தியாய்ப் படித்திருந்தோம். எங்கள் 20-ஆம் எண்ணுக்கும் 21-ஆம் எண்ணுக்கும் நடுவே அது ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் படிக்கவில்லை. அதைப் படித்துக் காட்ட வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

அடுத்த கூட்டம் 21-ஆம் எண்ணில், இட்லிக் கடை அம்மாவின் வீட்டில். வழக்கமாய்ப் பதினைந்து, பதினாறு குடும்பங்கள் கூடுமிடத்தில் அன்று வந்தவை பதினொன்று. திருத்தூதர் பணிகள் நூலின் பத்தாம் அதிகாரத்தைப் படித்தோம். உரோமைப் படைத்தலைவரான கொர்னேலியு ஆள் அனுப்பியபோது பேதுரு யோப்பாவில் எவர் வீட்டில் தங்கியிருந்தார்? தோல் பதனிடும் சீமோனின் வீட்டில். அத்தொழில் அக்காலத்து யூதரிடையேயும் இழிவாய்க் கருதப்பட்ட தொழிலே. அவ்வீட்டிலிருந்துதான் பேதுரு, தேடி வந்த பிற இனத்தாரை உள்ளே அழைத்துத் தங்க வைக்கிறார். மறுநாள் அவர்களோடு புறப்பட்டுச் செசரியாவுக்குச் செல்கிறார். தோல் பதனிடுபவரின் வீட்டில் விருந்தாளியாகத் தங்கிப் பழகாதிருந்தால், கொர்னேலியுவின் வீட்டுப் படியை மிதிக்க அவருக்குத் துணிவு வந்திருக்குமா என்று எங்களுள் ஓர் இளைஞர் கேட்டார். அதே பேதுரு பின்னொரு நாள் அந்தியோக்கியாவில், சிலருக்கு அஞ்சிப் பிற இனத்தாரோடு உண்பதை நிறுத்திக்கொண்டதையும், பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்ததையும் கலாத்தியர் திருமுகம் மறைக்கவில்லை. ஒருமுறை கற்றுக்கொண்டவரும் மறக்கக்கூடும். பந்தியில் எவரோடு அமர்கிறோம் என்பது நற்செய்திக்குப் புறம்பான சிறு காரியம் என்று பவுல் கருதவில்லை.

கூட்டம் முடிந்து இட்லியும் காப்பியும் வந்தன. சிலர் சர்க்கரை நோயைக் காரணம் சொன்னார்கள். எங்களுள் மிக மூத்தவர், பங்குப் பேரவையில் பல ஆண்டு இருந்தவர், தம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார். எல்லாரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இட்லிக் கடை அம்மா ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. முடிவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். பிறகு தட்டையும் எடுத்து நீட்டினார். "ரெண்டு இட்லி போடுங்கம்மா" என்றார்.

முகர்ந்தால் வாடுவது அனிச்சம்; முகம் வேறுபட்டு நோக்கினாலே வாடிப்போவர் விருந்தினர் என்பது வள்ளுவரின் கருத்து. பள்ளியில் படித்த பாடம். ஆண்டுக்கணக்காய் எங்கள் முகங்கள் அந்த நான்கு வீட்டாரை எப்படி நோக்கின என்பதை நாங்கள் கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை. ஆறாம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்த புனித பெனடிக்ட், அதன் 53-ஆம் அதிகாரத்தில், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கப் பணிக்கிறார். அதிலும் ஏழைகளை வரவேற்பதில் தனிக்கவனம் வேண்டும் என்கிறார். செல்வருக்கு உரிய மரியாதையை அவர்கள்மீதுள்ள அச்சமே பெற்றுத் தந்துவிடும் என்பது அவர் கண்ட உண்மை. நாற்காலி தேடி ஓடிய எங்கள் கால்கள் யாருக்காக ஓடின, யாருக்காக ஓடவில்லை என்பதை அந்த அதிகாரம் எங்களுக்குக் காட்டியது.

இரண்டு குடும்பங்கள் அதன்பின் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. ஒன்று அடுத்த தவக்காலத்தில் திரும்பியது. மற்றது இன்னும் வரவில்லை. அவ்வீட்டுக்கும் போகிறோம்; அவர்கள் தரும் காப்பியையும் குடிக்கிறோம். அவர்களும் எங்களைப் போன்றவர்களே. நாங்களும் நேற்றுவரை அவர்கள் நின்ற இடத்தில் நின்றவர்களே. முறை இப்போது 24-ஆம் எண்ணைத் தொட்டே திரும்புகிறது.

பெரியவரின் மனைவி இறந்து இரண்டாம் ஆண்டு நிறைந்தபோது, கூட்டத்தைத் தம் வீட்டில் வைக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். செல்லலாமா என்ற தயக்கம் எங்களுக்கு இருந்தது. பங்குத் தந்தையிடம் கேட்டோம். "கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ஆண்டவர் போனாரே, உங்களுக்கு என்ன?" என்றார். சென்றோம். கூடத்தில் அந்த அம்மையாரின் படத்துக்கு மாலையிட்டு, குத்துவிளக்கு ஏற்றியிருந்தார். அதன் அருகே, நாங்கள் கொண்டுவரும் திருவிவிலியத்துக்கென்று ஒரு முக்காலி. அதன்மேல் துவைத்து மடித்த வெள்ளைத் துண்டு. சமையலில் இட்லிக் கடை அம்மா உடனிருந்து உதவியதால், இம்முறை காப்பியில் சர்க்கரை இருந்தது.

தொடங்கும்முன், "முதற்படியை நான் சொல்லட்டுமா?" என்று பெரியவர் கேட்டார். அமைதியானோம். அவர் கைகூப்பி, சற்றுநேரம் பேசாமல் இருந்து, பிறகு மெல்லச் சொன்னார்: "ஐயா, நீங்கள் யாரென்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் இவர்களோடு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என் வீட்டுக்கும் வாருங்கள். அவளையும் பார்த்துக்கொள்ளுங்கள்."

அத்தனை ஆண்டுகளில் எங்கள் கூட்டத்தில் ஆண்டவரை அதைவிட மெய்யாக எவரும் அழைத்ததாய் எங்களுக்கு நினைவில்லை.

அவர் திருமுழுக்குக் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மனைவி எங்கே இருக்கிறாள் என்ற வினாவை ஒருநாள் அவர் எங்களிடம் நேராகவே கேட்டார். உயிர்ப்பைக் குறித்து நாங்கள் நம்புவதை, எங்கள் வீடுகளில் நிகழ்ந்த சாவுகளைச் சொல்லி, தடுமாறித் தடுமாறிச் சொன்னோம். கேட்டுக்கொண்டார். இன்றும் சனிக்கிழமைதோறும் வருகிறார். மழை நாளில் குடையை வாசலில் சாய்த்துவிட்டு, முதலில் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டே உள்ளே நுழைகிறார்.

அன்பியங்களில் கூடும் சகோதர சகோதரிகளே, உங்கள் கூட்டத்தின் முறை எந்த எண்ணோடு திரும்பிவிடுகிறது என்று ஒருமுறை பதிவேட்டைப் பாருங்கள். ஆண்டவரை அழைத்துக் கண்மூடும் முன், வாசலையும் ஒருமுறை பாருங்கள்.